வாப்பா விட்டுச்சென்ற மின்னூல்கள்

தக்கலையில் எங்கள் வாப்பா மௌத்தானபின், அவர்கள் ஸ்கேன் செய்து சேர்த்திருந்த நூல்கள் எங்கள் பொறுப்பில் வந்தன. கோவித் கோயல் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய ‘காலிபர்’ என்னும் இலவச மென்பொருளில் அவற்றை ஏற்றினோம். நம் பீரப்பா அதில் ‘பீர்முகம்மது’, ‘பீர் முஹம்மது’, ‘பீரப்பா’ என மூன்று ஆசிரியர்களாகச் சிதறிக் கிடந்தார்கள்! பெயரை ஒன்றாக்கியதும் ‘ஞானப்புகழ்ச்சி’யும் ‘ஞானக்குறமும்’ ஒரே இடத்தில் சேர்ந்தன.

‘ஸ்கேன் 12’ என்று மட்டும் இருந்த கோப்பைப் பெயரிடத் திறந்தோம். பக்க ஓரங்களில் வாப்பாவின் பென்சில் குறிப்புகள். உம்மா நெடுநேரம் பார்த்திருந்தார்கள். பெயரிடாது விட்டிருந்தால் அதை யார் தேடியிருப்பார்?

நூல்களைச் சேமிப்பது மட்டுமன்று, தேடுவோர்க்குக் கிடைக்கும்படி வைப்பதும் அமானத்தே. மறுபடி ஒன்றைத் தனி ஹார்ட் டிஸ்கிலும் வைத்துள்ளோம். இனி பிள்ளைகள் வாசிக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.