ஒன்பது மடங்கு

கதை எழுதுகிறவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று உறவினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து என் அக்கா வீட்டுக்காரர், காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் வாங்கி வரும்படி எனக்குச் சொல்லி அனுப்பினார். இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன.

"தெரியாது" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால், கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட வேட்டைப் புத்தகத்தைக் கல்லூரி நாளிலேயே படித்தவன் நான். பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் அவர் துப்பாக்கியோடு டார்ச் விளக்கைப் பொருத்திக்கொண்டு ராத்திரி முழுவதும் காத்திருந்ததைப் படித்தவனுக்கு, ஒரு ஸ்கோப் வாங்கத் தெரியாதா?

சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி இறங்கினால் பாப்பிரெட்டிப்பட்டி. சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற வாணியாற்றை அந்த மலை அடிவாரத்தில்தான் அணை போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அக்கா வீட்டுக் காடு மலையை ஒட்டியது. அந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். மரம் அடர்ந்த இடத்தை மலை என்றுதான் சொல்வார்கள். நிலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. கிழங்கு முற்றுவதற்கு முன்னால் பன்றிக்கு அந்தச் செய்தி போய்விடும். ஒரே ராத்திரியில் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும்.

வீட்டில் இருந்த துப்பாக்கி எலி அடிப்பதற்கும், மருமகன் காகிதத்தில் குறி பழகுவதற்கும் வாங்கியது. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதிலிருந்து நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு வந்த ஆசை அவனுக்கும் வந்திருந்தது.

சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். வயதான ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எதைச் சுடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கிற கடைக்காரரை அப்போதுதான் பார்த்தேன்.

"எலி, காகிதம்" என்றேன். பன்றியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவராகவே சொன்னார்: "இதனால் பன்றி சாகாது, காயம்பட்டு ஓடும். அதோடு 1972 சட்டப்படி அனுமதியில்லாமல் அதைச் சுடுவது குற்றம்."

பிறகு பாடம் தொடங்கியது. ஸ்கோப்பின் மேல் '4x32' என்று போட்டிருந்தால், நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும், முன்கண்ணாடியின் குறுக்களவு 32 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 32-ஐ நான்கால் வகுத்தால் எட்டு. நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் பருமன் அந்த எட்டு மில்லிமீட்டர். அந்தி வேளையில் கண்ணின் பாவை ஐந்து, ஆறு மில்லிமீட்டர் விரியும். கற்றை அதைவிடக் குறைந்தால் காட்சி மங்கும். பெருக்கம் ஏற ஏற வெளிச்சம் குறையும். பார்வையின் அகலமும் குறுகும்.

"ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்துவிட்டு உடனே முன்னாலும் உதைக்கும். பெரிய ரைபிளுக்கு ஈடுகொடுக்கிற ஸ்கோப் இதில் உடைந்துபோவது உண்டு. இதற்கென்றே செய்ததை வாங்குங்கள். பத்து கஜத்திலும் தெளிவாகத் தெரியும்படி திருப்பிக்கொள்கிற வளையம் முன்னால் இருக்க வேண்டும்" என்றார். ஒலிம்பிக் பத்து மீட்டர் போட்டியில் பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கே இடமில்லை, துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்!

"நான்கு மடங்கு போதும்" என்று முடித்தார் பெரியவர்.

நான் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை போகிற, நாற்பது மில்லிமீட்டர் கண்ணாடி வைத்ததை வாங்கினேன். ஒன்பது என்பது நான்கைவிடப் பெரிய எண் அல்லவா?

ஊரில் பலாமரத்தில் காகிதம் ஒட்டி இருபத்தைந்து கஜத்தில் உட்கார்ந்தோம். திருகை ஒரு 'க்ளிக்' திருப்பினால் நூறு கஜத்தில் கால் அங்குலம் நகரும். இருபத்தைந்து கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்தப் பதினாறு க்ளிக் வேண்டும். கணக்கெல்லாம் சரியாக வந்தது. குறிதான் வரவில்லை. ஒன்பதில் வைத்துப் பார்த்தபோது என் மூச்சும் நாடித் துடிப்பும் குறுக்குக் கம்பியில் ஊஞ்சலாடின. கை நடுக்கத்தையும் அது ஒன்பது மடங்காக்கிக் காட்டுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மருமகன் மூன்றில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை இறுக்காமல் உள்ளங்கையில் சும்மா ஏந்தி, ஐந்து குண்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் போட்டான்.

"வயசு, மாமா" என்று எனக்குச் சமாதானமும் சொன்னான்.

மறுநாள் அந்தி நேரம். பரணில் நானும் அக்கா வீட்டுக்காரரும். நாற்பது மீட்டர் தூரத்தில் குச்சிக்கிழங்குச் செடிகள் அசைந்தன.

"மாப்பிள்ளை, வந்திடுச்சு. சாகாட்டிப் போகுது, பொட்டுனு ஒண்ணு விட்டா இந்தப் பக்கமே திரும்பாது" என்றார்.

கடைக்காரர் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. மறந்துபோனதாகச் சொல்லிக்கொண்டால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே இல்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். வளையம் ஒன்பதில் இருந்தது. மங்கலான வட்டத்துக்குள் கறுத்த முதுகு ஒன்று. குனிந்து மண்ணைக் கிளறுகிறது. வட்டம் முழுவதும் அந்த முதுகுதான். தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தலையைத் தேடுவதற்காகத்தான், வேறு எந்த நல்ல எண்ணத்தாலும் அல்ல, வளையத்தை மூன்றுக்குத் திருப்பினேன்.

வட்டம் வெளுத்து அகன்றது. முதுகுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை.

பக்கத்துக் காட்டுப் பாட்டி. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முந்தின ராத்திரி பன்றி கடித்துப் போட்ட கிழங்குகளில் நல்ல துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். சின்ன ஈயக் குண்டுதான். ஆனால் கண்ணுக்கு அது போதும்.

"என்ன மாப்பிள்ளை?"

"பாட்டி, மாமா."

அவர் வெகுநேரம் பேசவில்லை. கீழே இறங்கிப் போய், "இருட்டினப்புறம் ஏன் ஆயா வர்றே? பகல்ல வந்து எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் நடுங்கியது. அதைப் பெருக்கிக் காட்ட எந்தக் கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பூட்டிய பிறகு அதைத் தொலைநோக்கியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதன் வழியே எதைப் பார்த்தாலும் குழாயும் அதன் நெஞ்சைத்தான் நோக்கி நிற்கும். முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும். எது என்று சொல்வதற்குக் குறைந்த பெருக்கமே நல்லது. ஒரு துண்டை மட்டும் ஒன்பது மடங்காகப் பார்த்தால், பாட்டியின் முதுகும் பன்றியின் முதுகும் ஒன்றுதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்து மலையில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அக்கா வீட்டுக் காடு மலைக்கு அரை கிலோமீட்டர். ஆகவே அங்கே வருகிற பன்றிக்குப் பயமில்லை. இன்றைக்கும் வருகிறது. அக்கா வீட்டுக்காரர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கண் விழிக்கிறார்.

ஸ்கோப் இப்போது மருமகனிடம் இருக்கிறது. போட்டிக்குப் பயன்படாது என்று தெரிந்தும் பலாமரத்துக் காகிதத்தில் பழகுகிறான். களத்தில் எலியும் அடிக்கிறான். போன தடவை எடுத்துப் பார்த்தேன். வளையம் மூன்றில் இருந்தது. அவன் அப்பா அதன் மேல் அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்.