ஜேம்ஸ் பொண்டின் மனைவி

ஜேம்ஸ் பொண்ட் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கியும், விரைந்தோடும் காரும், படத்துக்குப் படம் மாறுகின்ற அழகிகளும்தான். அந்த உளவாளிக்கும் ஒரு காலத்தில் முறைப்படி கைப்பிடித்த மனைவி ஒருத்தி இருந்தாள் என்பதும், மணமுடித்த அன்றே அவள் சுட்டுக் கொல்லப்பட்டாள் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. கணவனைப் போரில் பறிகொடுத்த சகோதரிகளும், இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் சகோதரிகளும் வாசிக்கின்ற இந்தப் பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சினிமாவைப் பற்றி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த மனைவியின் கதையில் எமக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. அதனால்தான் எழுதுகின்றேன்.

இயன் பிளெமிங் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல்களில் இருந்து பிறந்தவர் இந்த ஜேம்ஸ் பொண்ட். முதற்படம் 1962ஆம் ஆண்டு வந்தது. 2021 வரை இதே தொடரில் 25 படங்கள் வெளியாகின. ஷோன் கொனறி, ஜோர்ஜ் லேஸன்பி, ரொஜர் மூர், திமோதி டால்டன், பியர்ஸ் புரொஸ்னன், டானியல் கிறெய்க் என்று ஆறு நடிகர்கள் மாறி மாறி அந்த வேடத்தில் நடித்தார்கள். ஆள் மாறினாலும் பெயர் மாறாது. முகம் வேறாக இருந்தாலும் அதே மனிதன்தான் என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டும். ஆனால் நாயகிகளின் கதை வேறு. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு பெண் வருவாள். முந்திய படத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் எங்கே போனாள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வழக்கத்தை முதலில் உடைத்த படம் 1969இல் வெளிவந்த 'ஒன் ஹேர் மஜெஸ்டிஸ் சீக்ரட் சேர்விஸ்'. லேஸன்பி நடித்த ஒரேயொரு பொண்ட் படம் அதுதான். அதிலே ட்ரேசி என்ற பெண்ணை ஜேம்ஸ் பொண்ட் உண்மையாகவே காதலித்துத் திருமணம் செய்கின்றான். ட்ரேசியாக நடித்தவர் டயானா ரிக். கலியாணம் முடிந்து இருவரும் காரில் போகும்போது, காரிலே கட்டியிருந்த பூக்களை எடுப்பதற்காக அவன் தெருவோரம் நிறுத்துகின்றான். அப்போது எதிரிகள் இன்னொரு காரில் வந்து சுட்டுவிட்டுப் போய்விடுகின்றார்கள். குண்டு ட்ரேசியின் நெற்றியில் பட்டுவிடுகின்றது. விசாரிக்க வந்த பொலிஸ்காரரிடம், அவள் சற்று ஓய்வெடுக்கின்றாள் என்று அவன் சொல்கின்றான். அவளை மடியில் அணைத்தபடி அவன் இருக்க, படம் முடிந்துவிடுகின்றது. இறந்தவர் இறந்துவிட்டார் என்று வாய் சொல்ல மறுக்கின்ற அந்தக் கணத்தை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த படம் 1971இல் வந்தது. லேஸன்பி விலகியிருந்ததால் கொனறியை மீண்டும் அழைத்து வந்தார்கள். படத்தின் தொடக்கத்தில் அவன் எதிரியைத் தேடித் திரிகின்றான். ஆனால் ட்ரேசி என்ற பெயர் படத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை. சிரிப்பும் பகிடியுமாக, புதிய பெண்ணோடு கதை நகர்ந்துவிடுகின்றது.

பிளெமிங்கின் நாவலில் அப்படி இல்லை. ட்ரேசி கொல்லப்படும் நாவல் 1963இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' என்ற நாவலின் தொடக்கத்தில் அவன் நொருங்கிப்போய் இருக்கின்றான். குடிக்கின்றான். கொடுத்த வேலைகளைப் பிழைக்க விடுகின்றான். வேலையை விட்டே நீக்கலாமா என்று மேலதிகாரி யோசிக்கும் அளவுக்கு நிலைமை போய்விடுகின்றது. ஆனால் சினிமாக்காரர்கள் நாவல்களை ஒழுங்காக எடுக்கவில்லை. அந்த நாவலின் பெயரில் 1967இலேயே ஒரு படம் எடுத்து முடித்துவிட்டார்கள். மனைவி இறப்பதற்கு முன்னரே துக்கத்தின் நாவல் செலவாகிவிட்டது. அதனால் திரையிலே அவன் அழுவதற்கு ஒரு படம் மிஞ்சவில்லை.

எமது தமிழ்ச் சினிமாவும் இதற்கு விலக்கல்ல. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பெயர் வாங்கிய ஜெய்சங்கரின் துப்பறியும் படங்களை எங்கள் அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். எனது வயதுக்காரருக்குத் தெரிந்தது 1986இல் வந்த 'விக்ரம்'. எழுத்தாளர் சுஜாதா பங்குபற்றிய, கமல்ஹாசன் உளவாளியாக நடித்த படம். மின்சாரம் இல்லாத காலத்தில், கலியாண வீடுகளில் ஜெனரேற்றர் பூட்டி, டெக் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் போடுவார்கள் அல்லவா? அப்படித்தான் நானும் அதைப் பார்த்தேன். அதில் அம்பிகா உளவாளியின் மனைவியாக வருவார். தொடக்கத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். பிறகு லிசி வருவார், டிம்பிள் கபாடியா வருவார், காதலும் பாட்டும் வரும். பந்தலில் இருந்த பெரிசுகள் ஒருவரும் முகம் சுழிக்கவில்லை. பெண்சாதி செத்து எத்தனை நாள் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கு யாருக்குப் பார்க்கப்படுகின்றது என்பதைப் புளியங்குளத்தில் எமது மாதர் சங்கத்துத் தையல் வகுப்பில் இருந்து பார்த்தால் விளங்கும். 1997இல் 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது மாதக்கணக்காகச் சண்டை நடந்த ஊர் இது. 2008இல் மறுபடியும் இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்தவர்கள் நாம். வகுப்பிலே ஒரு தங்கச்சி இருக்கின்றாள். வயது 38. கணவன் 2009இல் ஷெல் விழுந்து இறந்தபோது மகள் கைக்குழந்தை. அண்மையில் அவளுக்கு ஒரு பேச்சுக்கால் வந்தது. அவரும் மனைவியை இழந்தவர்தான். தச்சு வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகள். மனைவி இறந்து இரண்டு வருடம்.

அவரைப் பற்றி ஊரில் எல்லோரும் ஒரே விதமாகத்தான் சொன்னார்கள். "பாவம், பிள்ளைகளைப் பாக்க ஒரு ஆள் வேணும்தானே." தங்கச்சியைப் பற்றிச் சொன்னது வேறு. "வீட்டில குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு இவளுக்கு இப்ப என்ன கலியாணம்?" அவருக்கு இரண்டு வருடம் போதுமாக இருந்தது. இவளுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் போதவில்லை.

தொலைக்காட்சியில் தமிழில் குரல் கொடுத்துப் போட்ட ஒரு பொண்ட் படத்தைப் பற்றி அன்று வகுப்பில் கதை வந்தது. அங்கே இருந்த வயதான அம்மா ஒருவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார். "ஆம்பிளையெண்டா அப்பிடித்தான் பிள்ளை. அடுத்த படத்தில வேற பொம்பிளை." எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. பிறகு தனியாக என்னிடம் கேட்டாள். "அக்கா, நான் ஓம் எண்டு சொன்னா, அவரை மறந்திட்டன் எண்டுதானே அர்த்தம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் படங்களை நான் மறுபடியும் நினைத்துப் பார்த்தேன்.

வயதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ரொஜர் மூர் தனது கடைசிப் பொண்ட் படத்தில் நடித்தது 1985இல். அப்போது அவருக்கு வயது 57. அந்த வயதிலும் அவருக்குக் காதலி உண்டு. அலுவலகத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிபெனி என்ற பாத்திரத்தில் 1962 முதல் 14 படங்களில் நடித்தவர் லோயிஸ் மக்ஸ்வெல். அவரும் மூரும் 1927ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். கொனறி போனார், லேஸன்பி வந்து போனார், மூர் வந்தார். மூன்று பொண்டுகளையும் அந்தப் பெண் அதே கதிரையில் இருந்தபடி பார்த்தார். ஒரே வயது ஆணுக்குக் காதலும் பெண்ணுக்குக் காத்திருப்பும் என்று அங்கேயும் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த ஒரு விடயமும் உண்டு. ட்ரேசியை 1971இல் மறந்தவர்கள் பின்னர் அவளைத் திரும்ப நினைத்தார்கள். 1977இல் வந்த படத்தில், அவன் மனைவி கொல்லப்பட்டதை இன்னொரு உளவாளிப் பெண் எடுத்துச் சொல்ல, அவன் முகம் இறுகி அந்தப் பேச்சை நிறுத்திவிடுகின்றான். 1981இல் வந்த 'ஃபோ யுவர் ஐஸ் ஒன்லி' படமே அவளுடைய கல்லறையில் அவன் பூ வைப்பதோடுதான் தொடங்குகின்றது. கல்லிலே 1943–1969 என்று அவளுடைய ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கும். ட்ரேசியை மணந்தது லேஸன்பியின் முகம். பூ வைத்தது ரொஜர் மூரின் முகம். 1989இல் டால்டன் நடித்த 'லைசன்ஸ் டு கில்' படத்தில் நண்பனின் கலியாண வீட்டில் அவன் திடீரென்று வாடிப்போகின்றான். அவனும் ஒரு காலத்தில் மணமுடித்தவன் என்று நண்பன் தன் மனைவிக்குச் சொல்கின்றான். இருபது வருடம், மூன்று நடிகர்கள். இடையிலே எத்தனையோ காதல்கள். அந்த நினைவு மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வந்தது.

அந்தக் கல்லறைக் காட்சியில் எமக்கு ஒரு வேதனையும் உண்டு. பூ வைக்க அவனுக்கு ஒரு கல்லறையாவது இருந்தது. எம்மில் எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 பெப்ரவரியில் தெருவோரம் இருந்து போராடத் தொடங்கிய தாய்மாருக்கும் மனைவிமாருக்கும், இறந்தாரா இருக்கின்றாரா என்பதே பதில் இல்லாத கேள்வி. அவர்களில் ஒருத்தி பொட்டு வைத்துக்கொண்டாலும் பேச்சு, அழித்தாலும் பேச்சு. அவளுடைய காத்திருப்பையும் நாம் மதிக்க வேண்டும். மறுமணம் எல்லோருக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை.

கடைசியாக டானியல் கிறெய்க்கின் படங்கள். 2006இல் வந்த 'கசினோ ரோயல்' படத்தில் வெஸ்பர் என்ற பெண்ணை அவன் நேசிக்கின்றான். வெனிஸ் நகரில் அவள் நீரில் மூழ்கி இறக்கின்றாள். 2008இல் வந்த அடுத்த படம் முழுவதும் அந்தத் துக்கத்தையே சுமக்கின்றது. 2021இல் வந்த 'நோ டைம் டு டை' படத்தில் மடலின் என்ற பெண்ணோடு அவன் வாழத் தொடங்குகின்றான். வெஸ்பரின் கல்லறைக்குப் போய் வா என்று அவனுக்குச் சொல்பவளே அந்த மடலின்தான். முன்னையவளின் நினைவை அவள் தனக்குப் போட்டியாக நினைக்கவில்லை. அந்தப் படத்தின் முடிவில் ஜேம்ஸ் பொண்ட் இறந்துவிடுகின்றான். சின்ன மகளைப் பக்கத்தில் இருத்திக் காரை ஓட்டிக்கொண்டு, உன் அப்பாவின் கதையைச் சொல்கின்றேன் என்று மடலின் தொடங்குகின்றாள்.

தங்கச்சிக்கு நான் இதைத்தான் சொன்னேன். "அவரை மறந்தால்தான் இன்னொருவரோடு வாழலாம் என்று யார் சொன்னது? அவருடைய படத்தைச் சுவரில் இருந்து எடுக்க வேண்டாம். அப்பா எப்படிப்பட்டவர் என்று மகளுக்குச் சொல்வதை நிறுத்தவும் வேண்டாம். வருகின்றவரிடம் இதை முதலிலேயே சொல்லு. அவருக்கும் பூ வைக்க ஒருத்தி இருக்கின்றாள்தானே. ஓம் என்பதும் வேண்டாம் என்பதும் உன்னுடைய விருப்பம்." அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆறுதலாக யோசிக்கட்டும்.

சகோதரிகளே, முடிவு அவளுடையது. அயலில் இருக்கும் எமக்கும் ஒரு கடமை உண்டு. மனைவியை இழந்த ஆணுக்கு நாம் காட்டுகின்ற இரக்கத்தை, கணவனை இழந்த பெண்ணுக்கும் அதே அளவில் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் ஒரு விதவைச் சகோதரிக்குப் பேச்சுக்கால் வந்தால், ஒழுங்கையில் நின்று கதைக்காதீர்கள். அவள் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, உனக்கு என்ன விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள்.