சிவப்புக் கொடிச் சட்டமும் எங்கட சாச்சாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசிங்க.

போன கிழமை தரம் 11இல் சட்டத்தின் ஆட்சி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: “சேர், அமெரிக்காவில ஸ்கூலுக்குள்ள பூந்து சுடுறானுகள். சுடப்போறான் என்டு முதல்லயே தெரிஞ்சா துவக்கப் பறிச்சிட்டா என்ன?”

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்றன் என்றேன். வீட்டுக்கு வந்து தேடினேன்.

அப்படி ஒரு சட்டம் அங்கே இருக்கிறது. சிவப்புக் கொடிச் சட்டம் என்பார்கள். 1999இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்தது. 2018இல் புளோரிடாவின் பார்க்லண்ட் பாடசாலையில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு இன்னும் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஒருவர் தன்னையோ பிறரையோ சுடக்கூடும் என்பதற்கு ஆதாரம் காட்டினால், நீதிபதி அவருடைய துவக்கைத் தற்காலிகமாக எடுக்க உத்தரவிடலாம். முதல் உத்தரவு அவர் இல்லாமலே பிறக்கலாம். ஆனால் சில நாட்களுக்குள் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். புளோரிடாவில் அதற்கு 14 நாள். அந்த விசாரணையில் பொலிஸ்தான் உறுதியான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் உத்தரவு ஒரு வருடம் வரைதான், நீடிக்க மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டும்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கட சாச்சா ஞாபகம் வந்தார்.

நான் ஏ.எல். படித்த காலம். ஒரு போகம் வெள்ளத்தில் போனது. கடன். சாச்சா பேசுவதை நிறுத்தினார், சாப்பாடு குறைந்தது. ஒருநாள் மூத்தம்மாவிடம், “நான் இல்லாட்டிப் புள்ளைகள நீங்க பாப்பீங்கதானே உம்மா?” என்று கேட்டிருக்கிறார். மூத்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. வயல் மருந்துப் போத்தல்கள் இருந்த ஸ்டோரைப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். சாச்சா கத்தினார்: “என்ட சாமான என்னக் கேக்காமப் பூட்ட நீங்க யாரு?” மூத்தம்மா சொன்னது இவ்வளவுதான்: “ஒனக்குச் சுகமாகட்டும் மகன், நானே தருவன்.”

அடுத்த நாள் வாப்பா அவரை டொக்டரிடம் கூட்டிப் போனார். மூன்று மாதத்துக்குப் பிறகு, வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, மூத்தம்மா அந்தத் திறப்பை அவர் கையில் கொடுத்தார். சாச்சா இன்றைக்கும் வயல் செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

மூத்தம்மா செய்ததைத்தான் நாடும் செய்தது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கடும் நஞ்சுள்ள பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவிலும் துவக்கால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். கனெக்டிகட்டில் செய்த ஆய்வொன்று, 10 முதல் 20 தடவை துவக்கை எடுத்ததில் ஓர் உயிராவது மிஞ்சியது என்று கணக்கிட்டது. அந்த மோசமான நேரம் கடக்கும்வரை சாமான் கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் தப்பக்கூடும்.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு “சரி, பறிக்கலாம்” என்று சொல்லிவிடலாமா? சொல்லியிருப்பேன், 2019ஐ நான் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஏப்ரல் 21க்குப் பிறகு, கலாசாலையில் என்னோடு படித்த ஒரு நண்பனைக் கொண்டு போனார்கள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தடுப்புக்காவல் கட்டளையில் கையெழுத்து வைப்பது அமைச்சர், நீதவான் இல்லை. அப்போது 18 மாதம் வரை வைத்திருக்கலாம், 2022 திருத்தத்தில் 12 ஆனது. அவன் பல மாதம் கழித்துக் குற்றச்சாட்டே இல்லாமல் வெளியே வந்தான். “சும்மாவா புடிப்பாங்க?” என்ற பேச்சு மட்டும் இன்னும் அவனை விடவில்லை. நானும் ஆரம்பத்தில் அவன் வீட்டுக்குப் போகப் பயந்தவன்தான். அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அதனால் அமெரிக்காவில் இந்தச் சட்டத்தை எதிர்க்கிறவர்களை முழுக்கத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஆளைக் கேட்காமலே முதல் உத்தரவு வருகிறது. குற்றவியல் வழக்கு இல்லை என்பதால் பல மாநிலங்களில் அரச செலவில் சட்டத்தரணி கிடையாது. 2018இல் மேரிலண்டில் சட்டம் வந்து ஒரு மாதம் கழிந்து சில நாள்தான், விடிகாலையில் உத்தரவோடு போன பொலிஸ், கதவைத் துவக்கோடு திறந்த 61 வயது மனிதரைச் சுட்டுக் கொன்றது. மறுபக்கம் மெய்ன் மாநிலம். அங்கே பொலிஸ் முதலில் ஆளைக் காவலில் எடுத்து, மருத்துவரிடம் காட்டி, பிறகுதான் நீதிபதியிடம் போக வேண்டியிருந்தது. 2023இல் லூவிஸ்டனில் ஒருவர் 18 பேரைக் கொன்றார். அவரைப் பற்றிக் குடும்பமும் கூட வேலை செய்தவர்களும் மாதக்கணக்கில் எச்சரித்திருந்தார்கள். அந்தப் படிகளை யாரும் ஏறவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை பார்ப்பது நோயின் பெயரை இல்லை, அந்த ஆள் சொன்னதையும் செய்ததையும். அதுதான் நியாயம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்வதில்லை. எங்கட ஊரில் கிளினிக் போனாலே “அங்கொடக் கேஸ்” என்கிறோம். சாச்சா மருந்துப் பைக்கு மேலே மரக்கறியைப் போட்டு மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். நோயின் பெயருக்கே தண்டனை என்றால், யார் டொக்டரிடம் போவார்கள்?

நாளைக்கு வகுப்பில் இப்படித்தான் சொல்லப்போகிறேன்: பறிக்கலாம் மகன், சில நேரம் பறிக்கத்தான் வேணும். ஆனா ஆளை இல்லை, சாமானை. கையெழுத்து நீதிபதியுடையதா இருக்கணும். அவன்ட பக்கத்தையும் சீக்கிரமாக் கேக்கணும். திருப்பிக் குடுக்கிற நாளும் இருக்கணும்.

உங்கட வீட்டிலும் யாராவது பேச்சைக் குறைத்திருந்தால் பக்கத்தில் போய் இருங்க. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. பயப்படாம எடுங்க.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்க, கதைப்போம். வஸ்ஸலாம்.