மிதிவண்டிக்கு இல்லாத காகிதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் மிதிவண்டி ஒரு வாகனமே அன்று. எந்திர விசையால் ஓடுவதையே 1988-ஆம் ஆண்டின் அச்சட்டம் வாகனம் என்று கொள்வதால், மிதிவண்டிக்குப் பதிவெண் இல்லை, ஆர்.சி. புத்தகம் இல்லை, ஓட்டுபவருக்கு உரிமம் தேவையில்லை, காப்பீடு எடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் வரி வாங்கிக்கொண்டு கொடுத்துவந்த தகட்டு வில்லைகூட இன்று வழக்கொழிந்துவிட்டது. காகிதத் தொல்லை இல்லாத இந்தச் சுதந்திரம் வண்டி ஓடும்வரை இனிமையானதுதான். லாரியோ ஜீப்போ மோதிவிட்டால், மிதிவண்டிக்காரர் இழப்பீடு கேட்பது முழுக்க முழுக்க மோதியவரின் காகிதங்களை நம்பியே என்றாகிவிடுகிறது.

மோதிய வண்டியின் காகிதங்களில் இருக்கவேண்டிய இந்தப் பாதுகாப்பைத்தான் சட்டம் மூன்றாம் நபர் காப்பீடு என்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்டவர்களில் வண்டி உரிமையாளர் முதல் நபர், காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர், அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று அடிபடுகிறவர் மூன்றாம் நபர். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்ட இக்காப்பீட்டுக் கட்டாயம் 1946 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இழப்பீட்டை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் என்னும் ஏற்பாடு 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. உரிமையியல் நீதிமன்றத்தின் நெடிய நடைமுறை அடிபட்டவருக்குத் தாங்காது என்பதே தனித் தீர்ப்பாயத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் என்பதை, இன்று இழப்பீட்டு மனுவுக்கு ‘எம்.சி.ஓ.பி.’ எண் வாங்கிக்கொண்டு வாய்தா வாய்தாவாக நடப்பவர்கள் அறிந்தால் சிரிக்கக்கூடும்.

இச்சட்டம் நடைமுறையில் படும் பாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கலாம். திண்டுக்கல்லிலிருந்து தேனி வந்து, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர்கேம்ப்பில் மலையேறிக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலைதான் கம்பம் பள்ளத்தாக்கின் முதுகெலும்பு. விடியுமுன்னே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விரையும் ஜீப்புகளும், கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகும் லாரிகளும், கார்த்திகை மார்கழியில் பல மாநிலங்களிலிருந்து வரும் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களும் ஓடும் அதே சாலையின் ஓரத்தில்தான், பின்சக்கரத்தின்மேல் புல்லுக்கட்டோ பால் கேனோ வைத்துக் கட்டி, கைப்பிடியில் தூக்குவாளி தொங்க, வயற்காட்டுக்குப் போகிறவர்களும், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். இவர்களுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு: பிள்ளைகளுக்கு வருமானமே இல்லை, பெரியவர்களுக்கு வருமானம் உண்டு, அதற்குச் சான்று இல்லை. இழப்பீட்டு வழக்கின் பெரும்பகுதித் தாமதமும் இழப்பும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் மருத்துவமனையில், முதல் அரைமணி நேரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ உள்ள அரசு மருத்துவமனைக்கு, அல்லது காயம் கடுமையானால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அடிபட்டவரைத் தூக்கிவந்தவர் சொல்வதைக் கேட்டுப் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறார். தூக்கிவந்தவர் பல வேளைகளில் மோதிய வண்டியின் ஓட்டுநராகவே இருப்பார். ‘சைக்கிளில் போனபோது தானாக விழுந்தார்’ என்று பதற்றத்திலோ பயத்திலோ அவர் சொல்லிவிட்டால், ஏ.ஆர். காப்பி என்று வழங்கும் அப்பதிவின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆண்டுகள் கழித்துச் சாட்சியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வைத்தியச் செலவுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுக்கச் சொல்லி, ‘போலீசுக்குப் போக வேண்டாம்’ என்று பேசி முடிக்கும் வழக்கமும் இதே விளைவையே தருகிறது. கொடுத்த பணம் அறுவைச் சிகிச்சைக்குப் போதாமல் போய், வாரங்கள் கழித்து முதல் தகவல் அறிக்கை பதிவானால், வண்டியே பிற்பாடு திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டது என்ற எதிர்வாதத்துக்கு அது இடம் கொடுத்துவிடுகிறது.

சட்டம் எழுதியவர்கள் தாமதத்தைக் கவனிக்காமல் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பு அலுவலர் அதன்பின் 30 நாளில் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கால அட்டவணையைப் பின்பற்றுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் விரிவாக ஆணையிட்டது. ஆனால் அதே 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், 1994-இல் நீக்கப்பட்டிருந்த ஆறு மாதக் கெடுவை மனுதாரர் தலையில் மீண்டும் கட்டியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அடிபட்டவர் கெடுவைத் தவறவிட்டால் மனுவுக்கே ஆபத்து என்றும், நிறுவனம் கெடுவைத் தவறவிட்டால் இன்னொரு வாய்தா என்றும் அமைந்த ஏற்பாட்டை நடுநிலையானது என்று சொல்ல முடியாது. பிரான்சில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், காப்பீட்டு நிறுவனம் எட்டு மாதத்துக்குள் தொகையை முன்வைக்காவிட்டால் இரட்டிப்பு வட்டி கட்ட வேண்டும் என்று விதித்தது. தாமதிப்பவருக்குச் செலவு வைத்தாலன்றித் தாமதம் குறையாது என்பதை அச்சட்டம் அறிந்திருந்தது.

எல்லைப்புறம் என்பதால் இப்பள்ளத்தாக்குக்கு வேறு சில சிக்கல்களும் உண்டு. பக்தர்களை ஏற்றிவந்த வண்டி வேறு மாநிலத்தது என்றால், உரிமையாளருக்கு அனுப்பிய நோட்டீஸ் ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பி வந்துகொண்டே இருக்கும். விபத்து குமுளிப் பக்கம் நடந்திருந்தால் முதல் தகவல் அறிக்கையும் பார்வை மகஜரும் மலையாளத்தில் இருக்கும். மலையாளம் சரளமாகப் பேசும் கூடலூர்க்காரரும் நீதிமன்றத்துக்கு அவற்றை மொழிபெயர்த்துத்தான் தர வேண்டும். இதில் ஓர் ஆறுதல், விபத்து எங்கே நடந்தாலும் மனுதாரர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பதுதான். இடுக்கி மாவட்டத்து விபத்துக்கு உத்தமபாளையத்துக்காரர் மலையேறி அலைய வேண்டியதில்லை.

இனி வருமானம். இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது: ஆண்டு வருமானத்தை, வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 21 முதல் 25 வயதுவரை 18, 41 முதல் 45 வரை 14, 65-ஐத் தாண்டினால் 5 என்று அது இறங்கிக்கொண்டு போகும். காயம் மட்டும்பட்டவருக்கு, உழைக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்றோ அந்த அளவுக்கு இத்தொகை கிடைக்கும். கூலிச் சீட்டோ வங்கிக் கணக்கோ இல்லாதவருக்கு நீதிமன்றம் உத்தேசமாக ஒரு வருமானத்தை வைத்துக்கொள்ளும். 2008-இல் நடந்த ஒரு விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரிக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாய் என்று வைத்தது. அதன்பின் தமிழகத் தீர்ப்புகள் பலவற்றில் அந்த எண் ஓர் அளவுகோலாகவே ஆகிப்போயிற்று.

விழுக்காட்டில்தான் உண்மையான போராட்டம் நடக்கிறது. மிதிவண்டியிலிருந்து தூக்கி எறியப்படுகிறவர் தோள் தரையில் மோத விழுவதும், காறை எலும்பு முறிவதும் மிகச் சாதாரணம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, தலைக்குமேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் படர்வது. கவாத்து செய்வது, கொடி கட்டுவது, குலை வெட்டுவது என்று அங்குள்ள வேலை எல்லாமே நாள் முழுக்கக் கையை உயர்த்திக்கொண்டு, அண்ணாந்து நின்று செய்வது. எலும்பு கூடிய பின்னும் தோள்மட்டத்துக்கு மேலே கை எழாத ஒருவருக்கு மருத்துவக் குழு 15 விழுக்காடு ஊனம் என்று சான்று தரக்கூடும். அது எலும்பைப் பொறுத்தவரை சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குப் பந்தலுக்கு அடியில் இனி வேலை இல்லை. உடலின் ஊனம் வேறு, தொழிலின் ஊனம் வேறு, இழப்பீடு இரண்டாவதைப் பார்த்தே தர வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 42 வயதும் மாதம் 10,000 ரூபாய் வருமானமும் உள்ளவருக்கு 15 விழுக்காடு என்றால் 2,52,000 ரூபாய். தொழில்திறன் பாதி போயிற்று என்று கொண்டால் 8,40,000 ரூபாய். இந்த வேறுபாட்டை நிலைநாட்டத் திராட்சைத் தோட்டத்து வேலை எப்படிப்பட்டது என்பதை யாராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். தோட்டக்காரர் வரத் தயங்குவார், மருத்துவரின் சாட்சியத்துக்கு நாள் கிடைக்காது, மாதங்கள் போகும். தாமதத்தில் ஒரு பகுதி, நியாயமான தொகையைப் பெறுவதற்கே தேவைப்படுகிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் காத்திருப்பதற்கு ஆகும் செலவு இருதரப்புக்கும் ஒன்றன்று. தீர்ப்பாயங்கள் இங்கே பெரும்பாலும் வழங்கும் வட்டி ஆண்டுக்கு 7.5 விழுக்காடு, அதுவும் விபத்து நடந்த நாளிலிருந்து அன்று, மனுச் செய்த நாளிலிருந்து. அடிபட்டவர் ஊரில் கடன் வாங்குவது மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஒரு லட்ச ரூபாய்க்கு மூன்றாண்டில் அவர் கட்டுவது 1,08,000. நிறுவனம் அவருக்குக் கட்டுவது 22,500. விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தபின் தொடக்கக் கடன் ஓரளவு குறைந்திருக்கிறது என்றாலும், வேலைக்குப் போகாத மாதங்களின் அரிசிக் கடனை அது தொடாது. ஆகவேதான் தேசிய மக்கள் நீதிமன்றத்தில் நிறுவனம் சொல்லும் குறைந்த தொகைக்குத் தலையாட்டுவது அறியாமை ஆகாது. அங்கே முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை, பணம் விரைவில் வரும், 36 விழுக்காடு அன்றோடு நிற்கும். குறைவாக வாங்கியவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். பிழை அவரை அப்படிக் கணக்குப் போட வைத்த ஏற்பாட்டில் இருக்கிறது.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியானால் நிலைமை இன்னும் எளியது, இன்னும் கொடியது: 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், அதற்குமேல் ஒன்றுமில்லை.

மோதியது அரசுப் பேருந்தானால் கதை வேறு. போக்குவரத்துக் கழகம் தனி நிதி வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் தருவதால், இழப்பீட்டைக் கழகமே நேரடியாகக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராதபோது மனுதாரர் நிறைவேற்று மனுப் போடுகிறார். நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, பயணிகளை இறக்கிவிடச் சொல்லி, முகப்புக் கண்ணாடியில் ஜப்தி நோட்டீசை ஒட்டுகிறார். தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வாசகர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய செய்தி இது. பேருந்து நீதிமன்ற வளாகத்தில் நிற்கும்; கழகம் ஒரு பகுதித் தொகையைக் கட்டி, மீதிக்கு அவகாசம் கேட்டு வண்டியை மீட்டுக்கொண்டு போகும்; அவகாசம் கடந்தால், மீதிக்காக இன்னொரு மனுவும் இன்னொரு பேருந்தும்.