பிரஷ் துடைக்கும் நேரம்

நகத்தில் ஜெல் பூசும் பிரஷ், பூசிப் பூசித் தேய்ந்துபோவது அரிது. பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் அது கெட்டுப்போகிறது. கஸ்டமர் எழுந்து செருப்பைத் தேடும்போது, பணம் வந்துவிட்டதா என்று போனைப் பார்க்கும்போது, அடுத்தவரை உட்காரச் சொல்லும்போது, மேசைமேல் மூடியில்லாமல் கிடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்.

இது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. நான் சரவணம்பட்டியில் ஒரு அலுவலகத்தில் கோட் எழுதுகிறவன். என் தங்கச்சி உக்கடத்தில் வீட்டு முன்னறையில் நெயில் ஆர்ட் செய்கிறாள். அவளுடைய வரவுசெலவை மாதக் கடைசியில் எக்செல்லில் போட்டுக்கொடுப்பது என் வேலை. ஜெல் பாட்டில், டிப்ஸ், பஃபர், பசை என்று வரிசையாக வரும். இவையெல்லாம் தீர்ந்துபோகிற பொருட்கள். நடுவில் 'பிரஷ்' என்று ஒரு வரி மாதம் தவறாமல் வந்தது. பிரஷ் எப்படித் தீரும் என்று கேட்டேன்.

"தீரலீங்ணா, கல்லாயிருது" என்றாள்.

ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். மெல்லிய கோடு இழுக்கும் லைனர் பிரஷ். நுனி இன்னும் மெத்தென்று இருந்தது. ஆனால் முடியைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் தகரப் பூணுக்குப் பக்கத்தில் ஊசிபோல் விறைத்திருந்தது. அதனால் நுனி ஒரு பக்கமாகப் பிளந்து நின்றது. அதை வைத்து இனி கோடு இழுத்தால் இரண்டாகத்தான் விழும்.

பெரியகுளத்துக் கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. மேற்குப் பார்த்த ஜன்னல். நாலு மணிக்கு மேல் குளத்துப் பக்கமிருந்து வரும் வெயில் நேராக மேசையில் விழும். மயிரிழை அளவுக்குக் கோடு இழுக்க வேண்டிய வேலை, வெளிச்சம் வேண்டும் என்றுதான் மேசையை அங்கே போட்டிருந்தாள். பிரஷ்ஷைக் கல்லாக்கியது அந்த வெளிச்சம்தான்.

சாதாரண நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பான் காற்றில் பறந்ததும் நிறம் காய்ந்து நகத்தில் நிற்கிறது. ரிமூவரைத் தொட்டால் திரும்பவும் கரையும். ஜெல்லில் நடப்பது வேறு. அதில் அக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்த சின்னச் சின்ன மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கின்றன. கூடவே வெளிச்சத்துக்கு எதிர்வினை செய்யும் ஒரு தூண்டியும் கலந்திருக்கிறது. குறிப்பிட்ட அலைநீள வெளிச்சம் பட்டால் தூண்டி உடையும். உடைந்த துண்டுகள் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்க ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே வலையாகிவிடும். இன்று கடைகளில் கிடைக்கும் எல்இடி லேம்புகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டரை ஒட்டிய வெளிச்சத்தைத் தருகின்றன. அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். தயிர் திரும்பப் பாலாகாது என்பதுபோல, இறுகிய ஜெல்லும் திரும்ப இளகாது. அசிட்டோனில் ஊறப்போட்டால் உப்பி உதிரும், நகத்திலிருந்து அப்படித்தான் எடுக்கிறார்கள். பிரஷ்ஷை அவ்வளவு நேரம் ஊறப்போட்டால் ஜெல்லோடு முடியும் வீணாகும்.

அந்த வெளிச்சம் லேம்புக்குள் மட்டும் இருப்பதில்லை. வெயிலில் அது தாராளமாக இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டால் போதும் என்று தோன்றும். தோலைக் கருக்கும் புறஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் சாதாரணக் கண்ணாடி நிறுத்துகிறது. 405 நானோமீட்டரில் பெரும்பகுதி அப்படியே உள்ளே வந்துவிடும். பாதரசம் உள்ள பழைய டியூப்லைட்கூட அதே 405இல் கொஞ்சம் ஒளி விடுகிறது. டியூப்லைட் ஒரு நாளில் எதையும் கல்லாக்காது. துடைக்காமல் வாரக்கணக்கில் கீழே கிடக்கும் பிரஷ்ஷுக்கு அதுவும் கணக்கில் சேரும்.

எங்கள் வீட்டுக்கு பிரஷ் புதிதில்லை. மாமா உக்கடம் லாரிப்பேட்டை பக்கம் போர்டு எழுதியவர். லாரியின் நெற்றியில் ஊர்ப்பெயர், பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்', கடைகளுக்குப் பெயர்ப்பலகை. ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலையைத் தின்றுவிட்டது. பிரஷ்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன, ஒரு பவுடர் டப்பாவில், தேங்காயெண்ணெய் தடவி. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் அலசி, துணியில் ஒற்றி, விரலால் நுனியைக் கூராக்கி எண்ணெய் தடவி வைப்பார். "சோத்துல கை வெக்கறதுக்கு முந்தி பிரஷ்ஷக் கழுவிப்போடோணும் கண்ணு" என்பார். பசித்த வயிறோடு அவர் பிரஷ் அலசுவதைச் சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

மாமாவின் பெயிண்டும் தங்கச்சியின் ஜெல்லும் நேர் எதிரான குணம் கொண்டவை. எனாமல் பெயிண்ட் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் மாமா தன் பிரஷ்ஷைக் காற்றுப் படாமல் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆளிவிதை எண்ணெயும் காற்றில் இறுகக்கூடியது, தேங்காயெண்ணெய் இறுகாது. அவர் எந்தப் புத்தகத்திலும் இதைப் படிக்கவில்லை, ஆனால் தேங்காயெண்ணெயைத்தான் தடவினார். ஜெல்லுக்கோ ஆக்சிஜன் ஒரு தடை. லேம்பிலிருந்து எடுத்த நகத்தின் மேல் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். காற்று பட்ட மேல்படலம் மட்டும் இறுகாமல் நின்றுவிடுவதால் வருவது அது. பிரஷ்ஷிலும் இதேதான் நடக்கிறது. வெளிமுடி காற்றோட்டத்தில் மெதுவாக இருக்க, காற்று புகாத நடுவில், பூணை ஒட்டி, ஜெல் முதலில் இறுகுகிறது. தொட்டுப் பார்த்தால் நன்றாக இருப்பதுபோலத் தெரிவதற்கும், ஒருநாள் திடீரென்று நுனி பிளப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே தங்கச்சி பிரஷ்ஷைக் காக்க வேண்டியது இரண்டிடமிருந்து: வெளிச்சம், பூண். அவள் இப்போது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வேலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும்.

மேசையை ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். லேம்பின் வாய் சுவரைப் பார்த்திருக்கும், பிரஷ் வைக்கும் தட்டு அதன் முதுகுப்பக்கம். பிரஷ்ஷை முடியின் பாதி உயரத்துக்கு மேல் ஜெல்லில் முக்குவதில்லை. பூணுக்குள் ஒருமுறை போன ஜெல் வெளியே வராது. ஒரு நகம் முடிந்து கை லேம்புக்குள் போகும்போதே பிரஷ் மூடிக்குள் போய்விடும்.

வேலை முடிந்ததும் துடைப்பது. டிஷ்யூ பேப்பரோ பஞ்சோ வேண்டாம், அவற்றின் நார் முடியில் சிக்கும். நார் விடாத வைப்பைத் தட்டில் விரித்து, பிரஷ்ஷைப் படுக்கவைத்து, பூண் பக்கமிருந்து நுனிப் பக்கமாக இழுக்க வேண்டும். குத்தித் தேய்த்தால் முடி வளைந்து அப்படியே நின்றுவிடும். பிறகு நிறமில்லாத ஜெல்லில் தொட்டு மறுபடியும் அதே இழுப்பு. வைப்பில் நிறம் வராத வரைக்கும் இது நடக்கும். ஜெல்லைக் கழுவ ஜெல்லே சிறந்தது என்பது முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெய் போட்டு எடுப்பதுபோலத்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எப்போதாவது, நிறம் விடாப்பிடியாக நின்றால், வைப்பை லேசாக நனைத்து மட்டும். தினமும் அதில் முக்கினால் முடி வறண்டு விரியும். அசிட்டோன் கிட்டவே கூடாது. முடியை உலர்த்துவதோடு பூணுக்குள் முடியைப் பிடித்திருக்கும் பசையையும் அது பதம்பார்க்கும். தண்ணீரால் பயனில்லை.

துடைத்தபின் நிறமில்லாத ஜெல்லை ஒரு பொட்டளவு தொட்டு நுனியைக் கூராக்கி மூடி போடுவாள். மூடியை நுனிப்பக்கமிருந்து சொருகினால் ஓரத்து முடி மடிந்துவிடும். மூடி இருபக்கமும் திறந்ததாக இருந்தால் கைப்பிடிப் பக்கமிருந்து ஏற்றிக்கொண்டுவர வேண்டும். பிறகு படுக்கைவசமாக, மூடியுள்ள தகர டப்பாவில். முடி மேலே பார்க்கும்படி டம்ளரில் நிறுத்தினால் மிச்ச ஜெல் மெல்ல இறங்கிப் பூணுக்குள் சேரும். வெள்ளைக்கு ஒரு பிரஷ், அடர்நிறங்களுக்கு ஒன்று, ஜிகினாவுக்குத் தனி. துருத்தி நிற்கும் ஒற்றை முடியைப் பிடுங்கக் கூடாது, பக்கத்து முடிகளும் தளரும். அடியோடு கத்தரித்துவிடுவாள்.

ஆரம்பத்தில் விலை அதிகமுள்ள கொலின்ஸ்கி பிரஷ் நல்லது என்று யாரோ சொல்லி வாங்கியிருந்தாள். அது சைபீரிய மரநாய் இனத்து விலங்கின் முடி. தூளும் திரவமும் கலந்து செய்யும் அக்ரிலிக் நகத்துக்கு அது பொருந்தும், இயற்கை முடியின் செதிள்கள் திரவத்தைப் பிடித்துவைக்கும். கெட்டியான ஜெல்லுக்கு வழுவழுப்பான நைலானே போதும். துடைக்கவும் சுலபம். மாமா காலத்தில் கீரி முடி பிரஷ்ஷுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்த பிரஷ்ஷை விற்பது குற்றம். நைலான் வந்ததில் கீரிகளுக்கும் நிம்மதி.

எக்செல்லில் பிரஷ் வரி குறைந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வருடம் அவளுடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தன. பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று நினைத்தாள். வெறும் கையால் பிரஷ் நுனியைக் கூராக்கும் இரண்டு விரல்கள் அவைதான் என்பது பிறகுதான் பிடிபட்டது. மாமாவிடம் பார்த்துப் பழகிய அதே விரலசைவு.

இறுகிய ஜெல் பெரும்பாலும் சாது. இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம். 2018இல் பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் இதைப்பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே பரிசோதித்த நோயாளிகளில் 2.4 சதவீதம் பேருக்கு இந்தக் குடும்பத்து ரசாயனம் ஏதாவது ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தது. இதில் அதிகம் பேசப்படுவது ஹெமா. அது கலந்த நகப்பூச்சை ஐரோப்பிய ஒன்றியம் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒளித்தூண்டிகளில் ஒன்றான டிபிஓவை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடையே செய்துவிட்டது. 'ஹெமா இல்லை' என்று எழுதிய பாட்டிலிலும் வேறு அக்ரிலேட்டுகள் இருக்கும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக ஆயுளுக்கும் போவதில்லை. பல் அடைக்கும் பிசினும் இதே குடும்பம் என்பதால் பல் மருத்துவரிடமும் சொல்லிவைக்க வேண்டிவரும்.

தோல் மருத்துவர் முதுகில் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் குளிக்காமல் வரச்சொன்னார். அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டு வாடகையில் பாதி அந்த மேசையிலிருந்து வருகிறது. பட்டையை எடுத்த அன்றும், அதற்கு இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும், எதுவும் சிவக்கவில்லை. இது எரிச்சல்தான், ஒவ்வாமையாக மாறவில்லை, இனி இறுகாத ஜெல் தோலில் படக்கூடாது என்றார்.

இப்போது துடைக்கும்போது நைட்ரைல் கையுறை. மெல்லிய கையுறையையும் இந்த மூலக்கூறுகள் சில நிமிடங்களில் கடந்துவிடும் என்பதால், ஜெல் பட்டதும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறாள். நுனியைக் கூராக்குவது விரலால் இல்லை, வைப்பின் மடிப்பால். துடைத்த வைப்புகளை அப்படியே குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் இறுகாத ஜெல் படும். அதனால் அவற்றை ஒரு தட்டில் பரப்பி அந்த மேற்கு ஜன்னலில் வைக்கிறாள். சாயங்கால வெயில் இறுக்கிவிடும். மறுநாள் குப்பைக்குப் போகும்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பராமரிப்புக்கென்று தனி டிக்கெட் உண்டு, அதற்கு மணிக்கணக்கு போட்டுச் சம்பளம் உண்டு. ஒரு சர்வரை நிறுத்திச் சரிபார்க்க ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான்கு பேர் உட்கார்வோம். தங்கச்சியின் விலைப்பட்டியலில் நகத்துக்கு விலை இருக்கிறது, பூவுக்கு, கல்லுக்கு விலை இருக்கிறது. பிரஷ் துடைக்கும் நேரம் எங்கேயும் இல்லை. எதிரே ஒருவர் காத்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கத் தோன்றும். பிரஷ் கல்லானதும் விரல் உரிந்ததும் அங்கேதான்.

ஆக ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றிருந்ததை நான்காக்கினாள். இரண்டு பேருக்கு நடுவில் இருபது நிமிட இடைவெளி. வருமானம் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "குறையட்டுங்ணா. கையி போச்சுன்னா நாலும் இல்லைல்ல" என்றாள். குறைந்ததில் ஒரு பகுதியை வேறு வழியில் ஈடுகட்டுகிறாள். கோட்டைமேடு, கரும்புக்கடை பக்கத்துக் கல்யாண வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் அவளிடம் வருகிறார்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும். ஜெல் இருந்தால் படாது. அவர்களுக்கு ஒட்டி எடுக்கும் நகங்களைத் தனியாக வரைந்து கொடுக்கிறாள். விசேஷம் முடிந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். எதிரே யாரும் காத்திருக்காத வேலை என்பதால் பிரஷ்ஷும் நிதானமாகத் துடைக்கப்படுகிறது.

இந்த வருடம் இரண்டு பெண்கள் அவளிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பூ வரையச் சொல்லித்தருவாள் என்று ஆசையோடு வந்தவர்கள். முதல் வாரம் முழுக்க அவர்கள் வரையவேயில்லை. கையுறை மாட்டி, வைப்பை விரித்து, பூணிலிருந்து நுனிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண், "அக்கா, இதுக்கெல்லாம் காசு தர்றாங்களா?" என்று கேட்டாளாம்.

"தரமாட்டாங்க. அதையும் சேத்துத்தான் நீ வெல சொல்லோணும்" என்றிருக்கிறாள் தங்கச்சி.