ஜவ்வாது மலையில் – 3: ஏறுகிற வண்டிக்கு வழி

பிரேசிலுக்குப் போகும் அக்கா மகன் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டான். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டுமாம். அங்கே கார் ஓட்ட வேறு ஒரு பன்னாட்டு உரிமம். ஜவ்வாது மலைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் கேட்கிற இ-பாஸ்கூட இங்கே கிடையாது.

அடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். "பாட்டில் இருக்கா, பிளாஸ்டிக் இருக்கா?" அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்தச் சாவடிகளின் கவலையெல்லாம் சந்தன மரம். மலையில் சந்தனம் அருகிப்போன பிறகு, கூலிக்கு ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்கள் இந்த மலைக்காரர்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையில் எங்களுக்கு முன்னால் அரசுப் பேருந்து. ஒரு குறுகலான வளைவில் மேலிருந்து பாட்டுச் சத்தத்தோடு ஒரு வெள்ளைக் கார் இறங்கி வந்து மூக்கை நீட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஒதுங்க நல்ல இடம் இருந்தது. பேருந்துக்குப் பின்னாலோ நாங்கள், எங்களுக்குப் பின்னால் பள்ளம்.

"பஸ்ஸைப் பின்னால எடுங்க" என்றார் காரில் இருந்தவர். கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

கண்டக்டர் இறங்கினார். குரல்கள் ஏறின. "நான் யார் தெரியுமா?" என்ற வசனமும் வந்தது. பலாப்பழ மூட்டையோடு வந்த ஒரு மலையாளிப் பாட்டி ஜன்னலை விட்டுவிட்டு நேரே இறங்கி வந்தார். (மலையாளி என்பது இங்கே கேரளக்காரரை அல்ல, இந்த மலையின் பழங்குடியைக் குறிக்கும்.)

"எறங்குற வண்டி ஒதுங்கணும் சாமி. பாரத்தோட ஏறுறவன் நின்னா மறுபடி எப்படி ஏறுவான்? எங்க மாட்டுக்கே இது தெரியும்."

பேருந்து முழுக்கச் சிரித்தது. கார் பின்னால் போயிற்று. பாட்டி சொன்னதுதான் சட்டமும். மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. சமவெளியில் லைசென்ஸ் வாங்குகிற எத்தனை பேரிடம் இதைக் கேட்கிறார்கள்?

எங்கள் டிரைவர் உள்ளூர்ப் பையன். "இறங்கும்போது ரெண்டாவது கியர் சார். பிரேக்கையே மிதிச்சா சூடேறிப் பிடிக்காமப் போயிடும்" என்றான். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர்ப் பக்கம் செம்பரையில் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் செத்ததையும் சொன்னான். அதன் பிறகு வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். வயிறும் மனசும் நிறைந்தது, விலையும் நியாயம். வழியில் வாங்கிய தேன்தான் ஏமாற்று. பாட்டிலின் அடியில் பாதிக்கு மேல் வெல்லப்பாகு. பீமன் அருவியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் இல்லை, சாவடியைத் தாண்டி வந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் மட்டும் ஏராளம்.

உடம்பு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். ஜமுனாமரத்தூரில் அரசு மருத்துவமனை உண்டு, ஆனால் பல கிராமங்களிலிருந்து அங்கே வந்து சேர்வதே பெரும்பாடு. 2023 மே மாதம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்து இறந்த கைக்குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் தூக்கிக்கொண்டு நடந்தாள். உள்ளே விட ஊசி, சான்றிதழ் என்று எதுவும் கேட்காத மலைதான் இது, ஆனால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இறங்குவது எளிதல்ல.

போகிறவர்கள் வேண்டிய மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள், டீசலைப் போளூரிலேயே நிரப்புங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். காவலூர் வானோக்கு நிலையம் அடுத்த வாரம்.