அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள்

பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து இரவில் வெளியே போவதென்றால் எங்கள் சமூகத்தில் அதற்குக் கோயில் திருவிழாவோ கலியாண வீடோ காரணமாக இருக்க வேண்டும். மது பரிமாறும் இடத்துக்குப் போகிறோம் என்றால் கேட்பவர்களின் முகம் மாறிவிடும். சென்ற வருடம் எங்கள் முகங்களும் அப்படித்தான் மாறின.

எங்களோடு வேலை செய்யும் அக்காவுக்கு ஐம்பது வயது நிறைந்தது. எங்கே கொண்டாடலாம் என்று கேட்டோம். "ஒரு பாருக்குப் போவம்" என்றா. நாங்கள் நால்வரும் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை.

அக்காவின் கணவர் குடியால் ஈரல் கெட்டு இறந்தவர். இருபது வருடமாக அவருடைய மாலைப் பொழுதுகள் அங்கேதான் கழிந்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, அக்காவின் காப்பு, கடைசியில் தாலிக்கொடி எல்லாம் அந்த வாசலுக்குள்ளே போயின. "வீட்டைவிட அவர் விரும்பின இடம் எப்பிடி இருக்குமெண்டு நான் ஒருக்காலும் பாத்ததில்லை. வாசலிலை நிண்டு மகனை உள்ளுக்கு அனுப்பித்தான் கூப்பிட்டிருக்கிறன். ஒரு நாளைக்கெண்டாலும் உள்ளுக்குப் போய்க் கதிரையிலை இருந்து பாக்கவேணும்" என்றா.

அக்கா வாசலில் நின்றதற்கு வெட்கம் மட்டுமா காரணம்? தவறணை போன்ற இடங்களில் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாதென்று 1979இல் மதுவரி அறிவித்தல் ஒன்று வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அதை மீளப் பெறும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டார். அதை எதிர்த்துப் பெண்கள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். பெண்கள் குடிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். பண்பாட்டைக் காக்கும் என்று சொல்லப்பட்ட அந்தத் தடை, அக்காவின் தாலிக்கொடியைக் காக்கவில்லை என்பதுதான்.

இடம் தெரிவு செய்வது இலகுவாக இருக்கவில்லை. முதலில் நாள். அக்காவின் பிறந்தநாள் பௌர்ணமியில் வந்தது. போயா தினத்தில் மதுச்சாலைகள் பூட்டு. ஆகவே அடுத்து வந்த சனிக்கிழமைக்கு மாற்றினோம். பிறகு பணம். விலைப்பட்டியலில் உள்ள விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரியும் சேரும் என்பதைக் கணக்குப் பார்த்தோம். அடுத்தது பாதுகாப்பு. வெளிச்சமான வீதியா, திரும்பி வர வாகனம் கிடைக்குமா, தனியாக எவர் மிஞ்சுவார் என்றெல்லாம் பேசினோம். மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938ஐ எல்லோரும் கைத்தொலைபேசியில் பதிந்து கொண்டோம்.

எங்களில் ஒருவர் முஸ்லிம் சகோதரி. மது இருக்கும் மேசையில் தன்னால் இருக்க முடியாது என்று நேராகவே சொன்னா. அவவை விட்டுவிட்டுக் கொண்டாட அக்காவுக்கு மனமில்லை. அதனால் மாலையில் எல்லோரும் காலி முகத்திடலுக்குப் போய் இறால் வடை சாப்பிட்டுக் கடலைப் பார்த்திருந்தோம். 1859இல் முடிக்கப்பட்ட அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பேணும்படி ஆளுநர் ஹென்றி வார்ட் தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டதாக அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதை வாசித்து எல்லோரும் மகிழ்ந்தோம். இருட்டியதும் அந்தச் சகோதரியை அவவின் தம்பி வந்து கூட்டிச் சென்றார்.

மற்ற நால்வரும் பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலின் பாருக்குப் போனோம். அக்கா தேசிக்காய்ச் சாறு கேட்டா. போத்தல்கள் அடுக்கிய தட்டையும், மங்கலான விளக்கையும், சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த ஆண்களையும் நெடுநேரம் பார்த்தா. "இங்கை ஒண்டுமில்லையே" என்றா மெதுவாக. "நான் இத்தனை வருசமா என்ன குறையிலை அவர் வீட்டுக்கு வரேல்லை எண்டு என்னையே யோசிச்சுக் கொண்டிருந்தன்."

எங்களில் எவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பணிப்பெண் சின்னக் கேக் ஒன்றில் மெழுகுதிரி ஏற்றிக் கொண்டு வந்தா. அக்கா அதை ஊதி அணைத்து, முதல் துண்டை வீட்டில் இருக்கும் மகனுக்கென்று கடதாசியில் சுற்றி வைத்தா.

சகோதரிகளே, இப்படி ஒரு நாளுக்கு இடம் தேடுகிறீர்களென்றால், குடிக்காதவளுக்கும் கதிரை இருக்கிறதா, எல்லோரும் பத்திரமாக வீடு சேர வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதோடு, பிறந்தநாள்காரி ஏன் அந்த இடத்தைக் கேட்கிறாள் என்றும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.